மேற்கு வராந்தாவும் ஏழு மரங்களும்

வீட்டுப் பிளான் போடுகிற தொழிலில், காகிதத்தில் எந்தச் சுவரும் இடிந்து விழுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாம் எல்லோரும் பிழைக்கிறோம். டி-ஸ்கொயரும் பென்சிலுமாகத் திரியும் சகோதரர்களே, உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து கோயமுத்தூர் ஜில்லாவுக்கு ஓவர்சியராக வந்தவன் நான். வந்த சில மாதத்திலேயே சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பலகை மாட்டியபோது, “ஆறே மாதம், திரும்பி வந்துவிடுவீர்” என்று சொல்லித்தான் ஆபீஸில் வழியனுப்பினார்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை, கிணத்துக்கடவில் நாச்சிமுத்துக் கவுண்டருக்குத் தோட்டத்து வீடு. அது கெட்டால் இரண்டாவது வீட்டை யார் கொடுப்பார்கள்?

பிளானைக் காட்டியது

இயற்கையோடு ஒட்டிய வீடு என்பது அப்போது புது மோஸ்தர். பத்திரிகைப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பித்துப் பிடித்திருந்தது. தை மாதம் போய் நிலத்தைப் பார்த்தேன். பனி விலகிய காலை, தென்மேற்கே தூரத்தில் நீலமாக ஆனைமலை, இலைகூட அசையவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்: மேற்கே முழுக்கத் திறந்த வராந்தா, ஆளுயர ஜன்னல்கள். மலையை மறைத்துக்கொண்டு மேற்கு வேலியோரம் வேம்பும் புளியுமாக ஏழு மரங்கள் நின்றன. ஏழையும் வெட்டிவிட வேண்டும் என்றேன்.

கவுண்டர் பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “படிச்சவிங்க போட்டதுங்க. நல்லாத்தானுங்க இருக்குது.”

மேஸ்திரியின் அழைப்பு

மாசியில் அஸ்திவாரம் தோண்டினோம். மேஸ்திரி ஆரோக்கியம் கைதேர்ந்த ஆள், வாய்தான் திறக்கமாட்டார். வராந்தாத் தூண்களுக்குக் கயிறு கட்டிக் காட்டினேன். கயிற்றின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, ஆடி மாதம் ஐயா ஒருதரம் இங்கே வந்து நின்று பார்த்தால் தேவலை என்றார். ஆடிக்குள் வேலையே முடிந்துவிடுமே, எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

“முடிஞ்சாலும் வாங்க ஐயா. தூணைப் புடிச்சுக்க ஒரு ஆளு வேணுமுங்க.”

அம்மாவின் கேள்வி

மேஸ்திரி தமாஷ் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என்ன செய்வது, சென்னைக்காரனுக்குக் காற்று என்றால் தேவாமிர்தம். சித்திரைப் புழுக்கத்தில் மொட்டை மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு கடல் காற்றுக்குத் தவம் கிடந்தவன் நான். கவுண்டரின் மனைவி வள்ளியம்மாளிடம் அதையே பெருமையாகச் சொன்னேன்: “இந்த வராந்தாவில் உட்கார்ந்தால் விசிறியே வேண்டாம் அம்மா.”

அந்த அம்மாள் மோர்ச் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, வராந்தாவில் விளக்கு வைத்தால் நிற்குமா என்று கேட்டார். பொள்ளாச்சி ரோட்டில் கரண்ட் வருகிறது, இனி எண்ணெய் விளக்கே தேவையில்லை என்று நான் தயாராகப் பதில் வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“கரண்ட்டு வெளக்கு அணையாதுதானுங்க. எலையில வெச்ச சோறு பறக்காம இருந்தாச் சரீங்க.”

ஆள் வராத கதை

எனக்கு ஒரே ஒரு குறைதான். மரங்களை வெட்டவில்லை. பங்குனியில் கேட்டால் வெட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல். சித்திரையில் கேட்டால் கோடாரிக்குக் காம்பு போடப் போயிருக்கிறான். வைகாசியில் கேட்டால் அவன் மைத்துனன் வீட்டில் சீர். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரம் நான் வரும்போது ஏழு மரமும் கீழே கிடக்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். தோட்டத்து ஆள் ஒருவன் வழக்கம்போல் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஆகட்டுங்க. கட்டாயம் பண்ணிப்போடலாமுங்க.”

குடை போனது

மறு வாரம் கிணத்துக்கடவு ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே குடை மேல்பக்கம் மடிந்து, கம்பி கம்பியாகக் கையை விட்டுப் போயிற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிட்டது. அது நான் அறிந்த காற்றே அல்ல. வாயைத் திறந்தால் மண். தோப்புக்குத் தோப்பு தென்னைகள் கிழக்கே சாய்ந்து நின்றன. நேற்றுச் சாய்ந்தவை அல்ல. பிறந்தது முதல் சாய்ந்தே வளர்ந்தவை. தையிலிருந்து நான் வாரந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

மேஸ்திரியும் வள்ளியம்மாளும் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறிற்று. திறந்த வராந்தா, ஆளுயர ஜன்னல், போதாக்குறைக்கு மரங்களையும் வெட்டச் சொல்லிவிட்டேன். இனிமேல் போடப்போகும் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறப்பது இப்போதே மனக்கண்ணில் தெரிந்தது. இனி ஆபீஸ் ஸ்டூல்தான் கதி என்று ஓடினேன். நாற்பது வயதில், பஞ்சகச்சத்தோடு ஓடினேன்.

வேலி திரும்பியதும் பார்த்தேன். ஏழும் நின்றன! கிளைகள் பேயாட்டம் ஆடின. ஆனால் மரங்களுக்குப் பின்னால், கட்டடத்தின் பக்கம், மேஸ்திரி ஒரே தீக்குச்சியில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

கவுண்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வராந்தாவைக் கிழக்கே மாற்றலாம், மேற்கே கெட்டிச் சுவரும் சின்ன ஜன்னலும் வைக்கலாம், அந்தப் பக்கம் கூரையைத் தாழ இறக்கலாம், மரங்களை மட்டும் தொடவே வேண்டாம் என்றேன். அவர் முகத்திலிருந்து நாலு மாதத்துப் பாரம் இறங்கியது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்றதெல்லாம் நிஜமா என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“வெட்டறவன் தெனமும் இங்கதானுங்க இருந்தான், உங்களுக்கு எளநி வெட்டிக் குடுத்தானே, அவன்தானுங்க. வேண்டாமுன்னா உங்க மனசு நோகுமேன்னு சொல்லலீங்க.”

ஆக, என் முதல் வீடு இன்றும் ஓடு கலையாமல் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் என் படிப்புமல்ல, சுண்ணாம்புக் காரையுமல்ல, ஒருவர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு வராததுதான்.