கிளெமென்ட் வெட்டிய திராட்சைக்கொடி

பக்கத்து வீட்டு கிளெமென்ட் ஹார்க்கர் முப்பத்தைந்து வருடம் ரயில்வே சிக்னல் கூண்டில் தனியாக உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கூண்டிலிருந்து அவர் இறங்கி வரவே இல்லை என்பது என் கருத்து. ஒரு கோப்பைத் தேநீர், செய்தித்தாள், வானொலி. எதிரே பார்த்தால் மழையைப் பற்றி ஒரு வரி சொல்வார். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க நெம்புகோல்தான் வேண்டும்.

அவர் மனைவி ஐடாவின் உலகம் வீட்டுப் பின்சுவரை ஒட்டியிருந்த கண்ணாடி அறை. வட இங்கிலாந்தின் இந்த யார்க்ஷயர் மலைக்காற்று எங்களையெல்லாம் வாட்டி எடுக்கும்போது அந்த அறைக்குள் மட்டும் வேறு ஏதோ ஒரு தேசத்துப் பருவம் நடந்துகொண்டிருக்கும். மூலையில் மண்ணில் வேரூன்றிய திராட்சைக்கொடி கூரை முழுக்கப் படர்ந்திருந்தது. அதன் கீழே தொட்டிகளில் காகிதப்பூவும் மல்லிகையும் நீலக் கொடிவேலியும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து ஏறிக்கொண்டிருக்கும். திராட்சை பூக்கும் நாட்களில், நடுமதியத்தில், மகரந்தம் உதிர்வதற்காக ஐடா கொடியை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே நடப்பாள். பச்சை வெளிச்சத்தில் அவள் தலையிலும் தோளிலும் பொடி உதிரும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்த வந்தவள், வந்த வேலையை மறந்து நின்றுவிடுவேன். தண்ணீருக்கடியில் யாரோ நடப்பதைப் பார்ப்பது போல இருக்கும்.

கிளெமென்ட் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. மல்லிகை தும்மல் வரவழைக்கிறதாம். அவர் முன்னறையில், அவள் பின்னறையில். இப்படியே முப்பத்தெட்டு வருடம் ஓட்டிவிட்டார்கள்.

அந்த நவம்பரில் ஐடா உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து அவளை அக்கா மேபல் நேராகக் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். மேபல் வீட்டில் மாடிப்படி கிடையாது; இங்கே படுக்கையறை மாடியில். பிப்ரவரிக் கடைசியில் கிளெமென்ட் என் கதவைத் தட்டினார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. கையில் ஐடாவின் கடிதம்.

"சனிக்கிழமை கொடியைப் பார்க்க வருகிறேன். மேபல் இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். கொடியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்."

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"இதுல என்னய்யா புரியல? கொடி நல்லா இருந்தா இங்க இருப்பா. இல்லன்னா அக்கா வீட்டோட போயிடுவா. ஒமக்குத் தேத்தண்ணி போட ஆள் வேணுமா என்ன, நீரே போட்டுக்குவீரே!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனிதர் கடிதத்தை நான்காக, எட்டாக மடித்தபடி நின்றார்.

ஐடா வந்து பார்க்கும்போது கொடி ஒழுங்காக இருக்க வேண்டுமே என்று அவர் திங்கட்கிழமை கத்தரியை எடுத்தார். கொடி குளிரில் இலையுதிர்ந்து தூங்கும்போதுதான் வெட்ட வேண்டும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறார். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்ததால், கொடியும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாள் காலை சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"கொஞ்சம் வாயேன். ரத்தம் கொட்டுது."

பதறிப்போய் ஓடினேன். கொட்டியது கொடி. வெட்டிய ஒவ்வொரு முனையிலிருந்தும் தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சூப்புக் கிண்ணங்கள், கைப்பிடிச் சட்டி, அவருடைய சவரக் கோப்பை. கூரையெங்கும் முத்து முத்தாக நீர். அத்தனை கவலையிலும், அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் வாய்பிளந்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெழுகை உருக்கி வைத்தோம். நீர் தள்ளிக்கொண்டு வந்தது. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி முனையில் சொருகினோம். அது தொப்பென்று என் தலையில் விழுந்தது. இரும்புக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டுப் பார்த்தோம். ஊஹூம்.

அப்போதுதான் எனக்கு வியர்ப்பது தெரிந்தது. "ஏன்யா, இங்க இம்புட்டுச் சூடு?"

மூலையில் மண்ணெண்ணெய்க் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாள் திணித்திருந்தது. ஐடா குளிர்காலம் முழுக்க அந்த ஜன்னல்களைத் திறந்துபோடுவாள். பூந்தொட்டிகளைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, கொடியை நடுங்கவிடுவாள். நடுங்கினால்தான் அது தூங்கும். இவர் டிசம்பரிலிருந்து அணையாமல் கணப்பு மூட்டி, கொடியை ஒரு மாதம் முன்னாலேயே எழுப்பிவிட்டு, எழுந்து வேரிலிருந்து நீர் ஏறத் தொடங்கியதை வெட்டியிருக்கிறார்.

திட்டுவதற்கு வாயெடுத்தேன். அப்போது காகிதப்பூத் தொட்டிக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில் கண்ணில் பட்டது. அதன் மேல் போர்வை, தலையணை, அவருடைய மூக்குக்கண்ணாடி. என் வாழ்நாளில் அபூர்வமாக, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமையும் சொட்டு நிற்கவில்லை. மேபலின் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் இரண்டு காலிப் பெட்டிகள். ஐடா கைத்தடியோடு இறங்கினாள், பாதியாக இளைத்திருந்தாள். அவள் கையைப் பிடித்து நான்தான் உள்ளே கூட்டிப்போனேன். கிளெமென்ட் கண்ணாடி அறை நடுவில், தண்டனைக்குக் காத்திருப்பவர் போல நின்றார்.

"கொன்னுட்டேன் ஐடா," என்றார்.

அவள் கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தாள். ஒரு வெட்டுமுனையின் கீழே விரலை நீட்டி ஒரு சொட்டை வாங்கினாள். கணப்பைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"கணப்பு எதுக்கு?"

"குளிரிச்சு."

"கொடிக்கா?"

"எனக்கு." கட்டிலைக் கைகாட்டினார். "மாடியில உன் பக்கம் காலியா கிடந்துச்சு. தூங்க முடியல. இங்க வந்து படுத்தா, நீ எங்கயோ பக்கத்துல வேலையா இருக்கிற மாதிரி இருந்துச்சு."

நான் வெளியே போயிருக்க வேண்டும், போகவில்லை.

"இத்தனை வருஷமா இந்தக் கதவைத் தொறந்துதான வச்சிருந்தேன்," என்றாள் ஐடா. "ஒரு நாளாச்சும் வந்து உக்காந்திருக்கலாம்ல?"

"நீ கூப்பிடவே இல்லையே."

"நீதான் தும்முவியே!"

சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவர் அவள் தோளைத் தொடுவதா வேண்டாமா என்று கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தவித்தார். எனக்கும் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"செத்துடுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாகாது. இலை விட்டா தானா நின்னுடும். காய் வேணா இந்த வருஷம் கொஞ்சமாத்தான் வரும்."

அதற்குள் மேபல் பெட்டிகளோடு உள்ளே வந்தாள். "இன்னும் என்ன பேச்சு? இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும். எதையெல்லாம் எடுத்து வைக்கணும், சொல்லு."

ஐடா கோட்டைக் கழற்றிக் கிளெமென்டின் கையில் கொடுத்தாள்.

"பெட்டிய வையி, மேபல். மாடியில இருக்கிற கட்டிலக் கழட்டி முன்னறைக்கு இறக்கணும். ஒரு கை பிடி."

"உன் கட்டிலையா?"

"எங்க கட்டில."

திருகாணி கழற்றும் சாவியை எடுத்துவர நான் என் வீட்டுக்கு ஓடினேன்.