கத்திப் பட்டையின் முதுகில் இருந்த பெயர்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், பழைய தோலிலிருந்து பூசணமும் புளிப்புமாக ஒரு வாசனை கிளம்பும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும். புதுவாயலுக்கு உள்ளடங்கி இருந்த எங்கள் ஊரில், நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஆணியில் தொங்கிய 'கத்திப் பட்டை'யை நைனா அந்த நாட்களில்தான் கீழே இறக்குவார். உலர்ந்த துணியால் மேலாக ஒரு தட்டு தட்டி, நிழலில் ஒரு பொழுது வைத்துவிட்டு மறுபடியும் மாட்டிவிடுவார். யாரையும் தொடவிட மாட்டார்.

ஜெர்மன் சிப்பாய் துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் கத்தியை உறையோடு இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொள்ளும் தோல் பட்டை அது. ஒரு சாண் நீளம், கறுப்புத் தோல், இரண்டு ஆணி, கெட்டியான தையல், அவ்வளவுதான். என்னைப் போலச் சேகரிக்கிறவர்கள் அதை 'ஃப்ராக்' என்போம். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பட்டாளத்துக் குப்பை என்று கேட்டவர்களுக்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

நைனா இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஆப்பிரிக்க மணலில், காயம்பட்ட கைதிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன ஒரு நாள், பின்னால் இடமில்லாமல் தன் பக்கத்து சீட்டில் உட்காரவைத்த ஜெர்மன் பையன் வழியிலேயே உயிரை விட்டுவிட்டான். மூச்சு முட்டுகிறது என்று அவன் சைகை காட்டியபோது பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றியவர் நைனாதான். உடலை இறக்கினார்கள், பெல்ட்டையும் கொண்டுபோனார்கள். அதிலிருந்து நழுவிய இந்தக் காலிப் பட்டை மட்டும் சீட்டுக்கு அடியில் கிடந்ததை அவர் மறுநாள்தான் பார்த்தாராம். பின்பக்கம் மங்கிய ஊதா மையில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

"அந்தப் பேரு தெரிஞ்சா போதும் கண்ணு, எப்படியாவது விலாசம் தேடிப் புடிச்சி ஒரு கடுதாசி போட்டுடலாம். கடைசியில புள்ள தனியா சாவல, பக்கத்துல ஒரு ஆளு இருந்தான்னு அந்தப் பெத்தவளுக்குத் தெரியணும் இல்ல?" என்பார்.

அந்தப் பெயரை யாராலும் படிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷே இல்லப்பா, கோழி கெளறின மாரி கீது" என்று திருப்பிக் கொடுத்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜெர்மன் பள்ளிகளில் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்த, முள்வேலி மாதிரி கூர்கூராக நிற்கும் பழைய கையெழுத்து அது என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பின. அதில் ஒன்றில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த அண்ணன் ஒரு நாள் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தான். "நைனா! மிஷின் மாட்ட ஜெர்மன்காரரு ஒருத்தரு வந்துகீறாரு. வயசான மனுசன். மாட்டுப் பொங்கலுக்கு ஊட்டுக்கு இட்டுகினு வரேன்!" நைனா மறுநாளே வேட்டியைச் சலவைக்குப் போட்டார், கடுதாசி எழுத வெள்ளைத் தாள் வாங்கி வந்து வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர் அல்லவா!

பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு போய், பெயர் பளிச்சென்று எழும்பி வரும். எனக்குப் பதின்மூன்று வயது. பெயர் தெரியவில்லை என்றால் அழுக்கு ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? நைனா கழனிக்குப் போன நேரம் பார்த்து, கத்திப் பட்டையை எடுத்து வந்து, மாட்டுச் சலங்கைப் பட்டைகளோடு சேர்த்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். புளி போட்டால் தோல் சுருங்கிவிடும் என்று அதை மட்டும் தவிர்த்தேன், அவ்வளவு கெட்டிக்காரி! தேங்காய் நாரால் தேய்த்தபோது நுரை ஊதாவாக ஓடியது. அழுக்குதான் போகிறது என்று சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. பெயர் காய்ந்தால் தெரியும் என்று விளக்கெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று ஜெர்மன்காரர் வந்தார். சர்க்கரைப் பொங்கலை மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிட்டார். நைனா பட்டையை இறக்கி வந்து துணியைப் பிரித்தார். பளபளவென்று இருந்த தோலைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. ஜெர்மன்காரர் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பின்பக்கத்தில் அழுத்தி அடித்த முத்திரை மட்டும் இருந்தது. தோல் பட்டறையின் பெயர், ஊர், வருஷம் எல்லாவற்றையும் படித்தார். அண்ணன் தமிழில் சொன்னான்.

"அது செஞ்சவன் பேருடா. போட்டுகினு இருந்தவன் பேரு?" என்றார் நைனா.

அண்ணன் கேட்டான். ஜெர்மன்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஒரே ஒரு எழுத்துனா தெரியுதான்னு கேளு."

ஒரு எழுத்தும் இல்லை.

"நாந்தான் நைனா கழுவினேன்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கையை ஓங்கினாள். நைனா அவளைத் தடுத்தார். "வுடு. பேரு நல்லாத் தெரியட்டும்னுதான பண்ணிச்சி கொழந்த" என்றார். பிறகு எழுந்து போய் மாடுகளுக்குச் சலங்கை கட்டினார். அந்த வெள்ளைத் தாள் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சாகிறவரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை; ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது மாடுகளும் இல்லை, கழனியும் இல்லை. அந்த இடத்தில் யாருடையதோ ஒரு கிடங்கு நிற்கிறது. என்னிடம் முப்பதுக்கு மேல் ஃப்ராக்குகள் இருக்கின்றன. கத்தியின் பிடியைச் சுற்றிக் கட்ட வார் இருந்தால் குதிரைப்படைக்காரனுடையது, முத்திரையில் ஊர்ப்பெயர் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் போரின் பிற்பகுதியில் தைத்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். எண்ணெய் தடவிப் பளபளவென்று விற்க வருகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், திட்டி அனுப்பிவிடுவேன். உலர்ந்த மெல்லிய தூரிகை, பருத்தித் துணிப்பை, ஈரமில்லாத அலமாரி; இதற்கு மேல் நான் எதையும் செய்வதில்லை. புதிதாக ஒன்று கைக்கு வந்தால், முதலில் முதுகைத் திருப்பிப் பெயர் தேடுவேன். ஒன்பது பெயர்கள் கிடைத்தன. ஒன்பதுக்கும் விலாசம் தேடினேன். இரண்டு வீட்டிலிருந்து பதில் வந்தது, ஒன்றில் அந்தச் சிப்பாயின் தங்கை உயிரோடு இருந்தாள்.

நைனாவின் பட்டையும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. எந்த ஊர்ப் பட்டறை, எந்த வருஷம் என்று கேளுங்கள், சொல்கிறேன். என்னிடம் இருப்பதிலேயே சுத்தமானது அதுதான்.