கண்டிகை என்று மட்டும் எழுதிய நோட்டு

1946 மாசியில் நான் திருத்தணிக்குப் போனது சாமி கும்பிட அல்ல. என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கூலி ஆட்களுக்கு வருகை போடும் வேலை பார்த்தேன். ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் எங்கள் கும்பல் இந்தியாவுக்கு நடந்தே கிளம்பியது. வழியில் யார் விழுந்தாலும் அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு வரி இப்படித் தொடங்கும்: முருகேசன், கண்டிகை.

வெறும் கண்டிகை! தொண்டைமண்டலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்டிகை என்று முடியும் ஊர் ஒன்று இருக்கிறது. நாலு வருஷமாக, கிடைத்த லீவில் எல்லாம் மூன்று கண்டிகைகளுக்குப் போய் முருகேசன் வீடு எது என்று கேட்டிருக்கிறேன். இது நாலாவது. கே.ஜி.கண்டிகை.

சென்னை சென்ட்ரலில் காலை 7.10க்கு வண்டி. மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் ஓரணா. அரக்கோணத்தில் மாற வேண்டும். அங்கே நாற்பது நிமிஷம் வீண். திருத்தணியில் இறங்கும்போது மணி 10.25. கே.ஜி.கண்டிகைக்கு ஐந்து மைல், பஸ்ஸுக்கு மூன்றணா. பஸ் என்றால் கரி வாயு பஸ். டிரைவர் பின்னால் நின்று அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். முருகேசனைப் பற்றிக் கேட்டேன்.

"பர்மா போன முருகேசனா? அவன் பொஞ்சாதி செங்கம்மா இப்பத்தான் இதே வண்டில வந்து எறங்கிச்சு. தாலுகா கச்சேரிக்குப் போயிருக்கும். மனை தகராறு. நீ இன்னா, வக்கீலாண்ட வேல செய்யறியா?"

"இல்லை."

"அப்போ ஓடு. இன்னைக்குத்தான் கடைசி விசாரணை."

தாலுகா கச்சேரி ஸ்டேஷனிலிருந்து கால் மணி நடை. பதிவறையின் கதவு திறந்திருந்தது. சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள், உத்தரம் வரை. ஜில்லா சித்தூர் என்பதால் உள்ளே எல்லாம் தெலுங்கு. வெளியே காத்திருக்கும் சனம் பேசுவது தமிழ். பர்மாவில் புத்த மடங்களில் தடித்த காகிதத்தை விசிறிபோல் மடித்துப் புத்தகம் வைத்திருப்பார்கள். ரங்கூன் சீனக் கடைக்காரர் எழுத்துள்ள காகிதம் எதையும் குப்பையில் போடமாட்டார்; தனியே சேர்த்துக் கொளுத்துவார். இங்கே மலைமேல் தானம் கொடுத்தவன் பேரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் எழுத்துக்கு மரியாதை இருக்கிறது. எழுதப்படாதவனுக்குத்தான் இல்லை. இந்தத் தாலுகாவில் புளிய மரத்துக்குக்கூட நம்பர் உண்டு, யாருடையது என்று பதிவு உண்டு. அதன் கீழே புளி பொறுக்குகிறவளுக்கு ஒரு வரி கிடையாது.

உள்ளே குமாஸ்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மே, உன் புருஷனுக்குப் பேரு வெச்சாங்களா இல்லியா?"

"மலைமேல கீறவரு பேருதான் சாமி."

"மலைமேல குருக்களும்தான் கீறாரு. குரங்கும்தான் கீது. யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வயதிருக்கும் செங்கம்மா சிரிக்கவில்லை. "பதினாலு வருசமா படி ஏறிக்கினு கீறேன். ஊரே கூவும். நான் அந்தச் சாமி பேரக்கூடச் சொன்னதில்ல."

விஷயம் இதுதான். குடிசை இருக்கும் மூன்று சென்ட் மனை முருகேசன் பேரில் இருக்கிறது. ஆள் ஓடிப்போய்விட்டான், மனை அனாதை என்று பக்கத்து நிலக்காரர் களம் போடக் கேட்கிறார். அவள் தன் பேருக்கு மாற்றக் கேட்கிறாள். பெண்சாதிதான் என்பதற்குக் காகிதம் ஏதும் இல்லை. அதனால் பட்டாவில் உள்ள பேரை மனுதாரர் தன் வாயால் சொல்ல வேண்டும். குமாஸ்தாவுக்குப் பேர் தெரியும். நான் சொல்கிறேன் என்றதற்கு, "உனக்குத் தெரியுதா இல்லியான்னு விசாரணை இல்ல" என்றார். மூன்று மணிக்குள் சொல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

இரண்டு தடவை வந்து சொல்லாமலே திரும்பியிருக்கிறாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவர்கள் வழக்கம். முட்டாள்தனம் என்றுதான் இங்கே எழுத இருந்தேன். ஆனால் கூலிக்காரிக்கு இந்த வழக்கம் இருப்பது தெரிந்தே வைத்த பரீட்சை அது. அதற்கு என்ன பேர்?

வெளியே வேப்பமரத்தடியில் அவளிடம் நான் யார் என்று சொன்னேன். என்னையும் சாமி என்றாள்; அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். "செரி சாமி" என்றாள். நோட்டைப் பார்த்தாள்.

"அவரு இருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். மனை போனா போவுது. இருக்காரா?"

இருக்கலாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வரியைப் படித்தேன். பர்மா எல்லையில் தமு தாண்டி, ஆற்றோரம், வாந்திபேதி, விடியும்போது.

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"பாத்துட்டு எழுதினியா, கேட்டுட்டு எழுதினியா?"

"பார்த்துட்டு. தண்ணி கொடுத்தேன். இறங்கலை."

நோட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு, "நாலு வருசமா இத எங்க வெச்சிக்கினு இருந்தே?"

எந்தக் கண்டிகை என்று எழுதாமல் விட்டதைச் சொன்னேன்.

"முன்னால ரெண்டெழுத்து போட உனக்குக் கை வலிச்சுதா?"

அன்று கை வலிக்கவில்லை. கட்டம் சின்னது. கூலி ஆளுக்கு அது போதும் என்று நினைத்தேன். குமாஸ்தாவைத் திட்டக் கிளம்பியவன் நான்.

இரண்டே முக்காலுக்கு உள்ளே போனாள். மேஜைக்கு முன்னால் நின்று, "முருகேசன்" என்றாள். குரல் பெரிதாக இருந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குமாஸ்தா பேனாவை எடுத்தார். கிண்டல் இல்லை. "இன்னொரு தபா சொல்லும்மா."

"ஒரு தபாதான் சொல்லுவேன். எழுதிக்கோ."

எழுதினார். என் நோட்டின் வரியையும் படியெடுத்துச் சேர்த்தார். மனை அவள் பேருக்கு மாறும் என்றார். தெலுங்கில் எழுதியதில் அந்தப் பேர் எது என்று கேட்டு, காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, கீழே பெருவிரல் வைத்தாள். விரலில் இருந்த மையைத் துடைக்காமலே பஸ் ஏறினாள்.

நீங்களும் இப்படி ஒரு வேலையாகப் போனால்: கச்சேரியில் பதினொன்றுக்கு முன் யாரும் உட்காரமாட்டார்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். கிருத்திகையன்று போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. திரும்ப 5.20 வண்டி. எந்த நாட்டு ஏடாக இருந்தாலும், கல்லோ காகிதமோ, அவள் கேட்டதை முதலில் கேளுங்கள்: பார்த்து எழுதியதா, கேட்டு எழுதியதா?

ஸ்டேஷனில் பென்சிலை எடுத்து, கண்டிகைக்கு முன்னால் இரண்டெழுத்தைச் சேர்த்தேன். கட்டத்தில் இடம் இருந்தது.