அத்தான் கலந்த ஜின்

அக்காவின் கணவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இப்போது கூப்பிடுவதில்லை.

ஹென்டர்சனில் புது வீடு வாங்கியதும் ஹோலின் மூலையில் ஒரு பார் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால், கறி மேசைக்கு வருமுன்பே அரண்மனைக் கதை தொடங்கிவிடும். வெள்ளைக்கார ராணியின் தாய் ஜின்னில் சிவப்பு வைன் கலந்து, தேசிக்காய்த் துண்டு போட்டுக் குடிப்பாராம். கூட இருந்து ஊற்றிக் கொடுத்தவர் போலச் சொல்வார்.

"அவையள் குடிக்கிறது ஒரு கலை. எங்கட ஆக்கள் குடிச்சா விழுந்து கிடப்பினம்." சொல்லும்போது என் கணவரைத்தான் பார்ப்பார்.

என் கணவர் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குடித்து ஆஸ்பத்திரி வரை போனவர். குடியை விட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அத்தானுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிறு அத்தான் ஜின் ஊற்றி எல்லோருக்கும் மார்ட்டினி கலந்தார்.

"எனக்கு வேண்டாம் அண்ணை, ஜூஸ் காணும்" என்றார் கணவர்.

அத்தானே தோடம்பழ ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் உறிஞ்சிய கணவர், உதட்டை இறுக்கிக்கொண்டு குசினிக்கு ஓடித் துப்பினார். நான் கிளாஸை மணந்து பார்த்தேன். ஜின்.

"இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

"கொஞ்சம்தான். ராணியின்ர தாய் நூறு வயசு தாண்டியும் குடிச்சவ. அவவுக்கு என்ன நடந்தது?" சிரித்தார்.

அக்கா சோற்றுக் கரண்டியுடன் வந்தாள். "பகிடிக்குத்தானே செய்தவர். ஏன் கத்துறாய்?"

ஜின் போத்தலை எடுத்துப் போய் சிங்க்கில் கவிழ்த்தேன். அத்தான் என் கையைப் பிடிக்க வந்தார்.

"கை வைச்சா பொலிசைக் கூப்பிடுவன்" என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாப்பிடாமல் வெளியேறினோம். வழியில் ஒரு டெய்ரியில், தெருமுனைக் கடையில், தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கணவர் நடைபாதையோரம் குனிந்து திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தார்.

"துப்பினதுதான். ஆனா விழுங்கச் சொல்லி மனம் கேட்டது" என்றார். அந்தக் கிழமை முழுவதும் நானே அவரை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன். அவர் குடிக்கவில்லை.

அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அக்கா போன் எடுத்தாள். போனை வைத்துவிட்டேன்.

பிறகு ஒனிஹங்காவில் ஒரு கலியாண விருந்தில் அத்தானைக் கண்டோம். சுற்றிவர ஆட்கள், அதே ராணி கதை.

"என்ன தம்பி, இன்னும் ஜூஸ்தானோ?"

"ஓம் அண்ணை" என்று கணவர் விலகி நடந்தார். நான் நடக்கவில்லை.

"இந்தாள் கலந்து தாற ஒண்டையும் குடிக்காதேங்கோ" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.