அத்தான் இழந்த ஆசனம்

ஊரில் இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்களில் பலர் எங்கள் அத்தானைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். ஜெர்மன்காரர், எம்.பி., அக்காவின் கணவர் என்ற அளவில் அறிந்திருப்பீர்கள். அவர் மறைந்து ஓராண்டாகியும், எழுத உட்கார்ந்தால் அவருடைய அலுப்புத்தான் முன்னே வந்து நிற்கிறது.

மோசல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளவயதிலேயே போருக்கு அனுப்பப்பட்டு, கைதி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். தேவாலயமும் குடும்பமும் சொந்த நிலமும் குலையக்கூடாது என்ற பிடிவாதம் அவரைப் பழமைவாதக் கட்சிக்குக் கொண்டுபோனது. அன்றைய தலைநகரான பான் நகரில் படித்துக்கொண்டிருந்த அக்காவை மணந்ததும் அதே பிடிவாதத்தோடுதான்.

அறுபதுகளில் நானும் படிக்க வந்து அவர்கள் வீட்டில் தங்கினேன். கிழமை நாட்களில் பாராளுமன்றம். சனி ஞாயிறில் தொகுதியில் தீயணைப்புப் படை விழா, செத்தவீடு, அறுவடைக் கொண்டாட்டம். வீட்டுக்கு வந்தால் சூப் ஆறுமுன்னரே மேசையில் தூங்கிவிடுவார். ஊரிலிருந்தோ, எம்.பி. ஒரு வேலை எடுத்துத் தரமாட்டாரா என்று ஓயாமல் கேட்பார்கள். சொந்தத் தம்பிக்கே சிபாரிசு செய்யாத மனிதர் அவர். நம்மவர்களுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

எழுபதுகளில் ஒரு தேர்தலுக்கு முன் தொகுதிக் கட்சிக்காரர் கூடி வேட்பாளரைத் தெரிவுசெய்ய இருந்தார்கள். அங்கே தோற்றால் ஆசனம் போனதுதான். அதற்கு முதல்நாள் தொகுதித் தலைவர் வீட்டுக்கு வந்து, "இம்முறை நீங்கள் தனியே வந்தால் நல்லது" என்றார். அக்காவின் நிறம்தான் காரணம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நீங்கள் தனியப் போங்கோ. எனக்கும் இந்தக் கூட்டங்கள் அலுத்துப் போச்சு" என்றார் அக்கா.

அத்தான் எங்களிடம் பழகிய தமிழில், "ஏலாது. சீலையை உடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

இருவரும் போனார்கள். கட்சி அவரைத் தெரிவுசெய்யவில்லை.

திரும்பி வந்து, "இனி ஞாயிறிலயும் நித்திரை கொள்ளலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தொலைபேசி அடிப்பதும் நின்றது. தகப்பனாரின் தோட்டத்துக்கே திரும்பிப் போனார். நெஞ்சு வருத்தத்தில் படுத்தபோது அக்காதான் இரவு பகலாகப் பார்த்தார். பதவி போன கவலை அத்தானுக்கு இருந்தது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கைவிடாது பார்த்த வைத்தியர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தந்தி அனுப்பிய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. செத்தவீட்டுக்குப் பெரிய மலர்வளையத்தோடு வந்த கட்சிக்காரருக்கும் நன்றி. அன்று அதே தொகுதித் தலைவர் அக்காவின் கையைப் பிடித்துத் தேவாலயத்தின் முன்வரிசைக்கு அழைத்துப் போனார். உயிரோடு இருந்தபோது அத்தான் அக்காவுக்காகக் கேட்டதும் அந்த இடத்தைத்தான்.