கழி தொடாத தண்ணீர்

கண்ணப்பன் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தோணிக்காரன் என்று சொன்னால்தான் தெரியும். எனக்குக் கொழுந்தன், என் வீட்டுக்காரருக்கு அடுத்துப் பிறந்தவன். மண்ணூருக்குத் தெற்கே ஏரியின் அந்தாண்டைக் கரையில் எங்கள் ஊர். ஏரி நிரம்பினால் வண்டிப்பாதை முழுகிப்போகும். அப்புறம் நெல்லோ, வேர்க்கடலையோ, கீரைக்கட்டோ, எது வெளியே போகணும் என்றாலும் அவன் துறைக்குத்தான் வரணும். எதிர்க்கரையில் லாரி நிற்கும். அங்கிருந்து பூந்தமல்லி மண்டிக்குப் போகும்.

அவனிடம் துடுப்பு கிடையாது. நீள மூங்கில் கழி ஒன்றுதான். அதை அடித்தரையில் ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளுவான். எங்கே களி, எங்கே சரளை என்று அவன் கைக்குத் தெரியும். பேச்சு மட்டும் அதிகம் வராது. தாலி கட்டின கையோடு துறைக்குப் போனவன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கோடையில் ஏரி காய்ந்து கிடந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் புது மனைகளை மேடாக்க லாரிகள் வந்து ஏரி மண்ணை அள்ளிப் போயின. வெட்டினது எங்கள் ஊர் ஆட்கள்தான். கண்ணப்பனும் வெட்டினான். மண் வெட்டும்போது பள்ளத்துக்கு நடுவில் ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் நிறுத்திவைப்பார்கள். அதை வைத்துத்தான் ஆழம் அளந்து கூலி போடுவது. அளந்த பிறகு அதையும் சாய்க்கணும். அந்தத் தடவை மழை முந்திக்கொண்டது. திட்டு அப்படியே தண்ணீருக்குள் போனது.

ஐப்பசியில் வானம் வெளுக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு நெல் மூட்டை, மேலே ஒழுகுகிற கூரை. ஏரி வழிந்தோடும் கலங்கல் பக்கமிருந்து இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. கரையில் ஒரு கொக்குகூட இல்லை.

"தண்ணி இழுக்குது அண்ணி. ரெண்டு நாள் போவட்டும்" என்றான் என்னிடம்.

கிளியம்மாள் விடவில்லை. தனி ஆளாக நின்று பயிர் வைத்தவள் அவள். "இன்னா தோணிக்காரரே, பொண்டாட்டி வுடமாட்டேன்றாளா? இந்த லாரிய வுட்டா வேற லாரி ஏது? நெல்லு மொளைச்சா நீயா வந்து துன்னுவே?"

அவன் பெண்டாட்டி ரத்னா சிரித்தாள். "நான் எங்க புடிச்சேன்? கல்யாணத்தன்னிக்கே புடிக்க முடியலியே."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கழியை எடுத்தான். மூட்டைகளை அடுக்கினார்கள். உள்ளே ஊறுகிற தண்ணீரை இறைக்க அவன் மச்சான் மண்ணாங்கட்டி ஏறிக்கொண்டான்.

பள்ளம் எந்தப் பக்கம் என்று கண்ணப்பனுக்குத் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டுதான் போனான். ஆனால் இழுப்பு அவனுக்குத் தெரியாமலே தோணியை உள்ளே தள்ளியிருக்கிறது. கழி ஒரு இடத்தில் கெட்டித் தரையில் இடித்ததாம். "பள்ளம் தாண்டியாச்சு" என்று மச்சானிடம் சொன்னானாம். அது தரை இல்லை, அந்தத் திட்டு. அடுத்த ஊன்றலுக்கு முழு உடம்பையும் சாய்த்தான். கழி போய்க்கொண்டே இருந்தது. கையை விட்டும் போய்விட்டது.

கரையிலிருந்து பார்த்தோம். தோணி மூக்கைத் திருப்பிக்கொண்டு கலங்கலைப் பார்க்க நகர்ந்தது. கண்ணப்பன் குனிந்து ஒரு மூட்டையைப் புரட்டித் தண்ணீரில் தள்ளினான்.

"ஐயோ, அது என்னுது" என்றாள் கிளியம்மாள்.

"வாய மூடு" என்றாள் ரத்னா.

அடுத்தது, அதற்கடுத்தது. எங்கள் நெல்லும் போனது. பாரம் குறையக் குறையத் தோணி மிதந்து எழும்பியது. மேல்காற்று அடித்து, கலங்கலுக்கு இந்தப்புறம் பாதி முழுகி நின்ற கருவேல மரங்களில் அதைச் செருகியது. முள்ளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கரை ஏறினார்கள். கையெல்லாம் ரத்தம். ரத்னா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மீதி மூட்டைக்காரர்கள் துறைக்கு வந்தபோது தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. வேறு கழி வெட்டித் தருகிறோம் என்றார்கள்.

"கழி இன்னாத்துக்கு? அடியில தரை இல்லாத தண்ணியில நான் வுடமாட்டேன்" என்றான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வைதார்கள், கெஞ்சினார்கள். அசையவில்லை.

எதிர்க்கரை லாரி பகல் முழுக்க ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மழை கார்த்திகை வரைக்கும் நிற்கவில்லை. ஊர் முழுக்க ஈர நெல் முளைத்துப் புளித்த வாடை. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே கைவிட்டேன். காய்ச்சல்காரன் வயிற்றைத் தொட்டமாதிரிச் சுட்டது.