கிணற்றில் கண்ட மஞ்சள் கல்

எங்கள் தோட்டத்துக் கிணற்றின் அடியில் தங்கம் கிடக்கிறது என்று எங்கள் வீட்டார் எட்டு மாதங்கள் நம்பியிருந்தார்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பது அந்த நம்பிக்கையின் மறுபாதி. குடும்பத்தில் இந்தச் செய்தி சொல்லப்படாதவள் நான் ஒருத்திதான். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில், கனிமங்களை இனங்காணும் ஆய்வுக்கூடத்துக்கு நான் அப்போது பொறுப்பாளராக இருந்தேன். என்னிடம் சொல்லாமல் விட்டதற்கும் அதுவே காரணம்.

காங்கேயத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி அண்ணனின் தோட்டம். அந்த ஆண்டு மழை பொய்த்ததால், தென்னையைக் காப்பாற்றக் கிணற்றை ஆழப்படுத்தத் தொடங்கினார். மூன்றாம் முறை வெடி வைத்தபோது பாறையின் நடுவே வெங்கச்சங்கல் என்னும் குவார்ட்ஸ் பட்டையாகத் தெரிந்தது. அந்த வெள்ளைக் கல்லுக்குள் மஞ்சளாக, கத்தியால் சீவிய மாதிரி சதுரம் சதுரமாக ஏதோ மின்னியிருக்கிறது. அண்ணன் அன்றைக்கே ஆட்களுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கிரேன் பழுது என்று ஊருக்குச் சொன்னார். பட்டை தெரிந்த இடத்தைத் தாமே மண்ணும் சல்லியும் போட்டு மூடினார். நகை செய்யும் பத்தரிடம் ஒரு துண்டைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அதையும் செய்யவில்லை.

இடையில் ஒரு நோன்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, நான் போயிருந்தேன். வேலை ஏன் நின்றது என்று கேட்டேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "நாலு கல்லைப் பார்க்கறதுக்கு நாலு வருசம் காலேஜுல படிச்சவளுக்குக் கிரேனைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். இளவயது முதலே என்னை அப்படிக் கேலி செய்வது அவர் வழக்கம் என்பதால் சிரித்துவிட்டு எழுந்தேன். கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோடையில் கிணறு வற்றியது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் குரும்பைகள் கொட்டின. மட்டைகள் ஒவ்வொன்றாய்த் தொங்கின. மேற்கு வரிசை மரங்களுக்குக் கொண்டையே சாய்ந்தபோதுதான் நங்கை என்னை அழைத்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் போனில் அதிகம் பேசவில்லை. "அம்மிணி, ஒருக்கா வந்துட்டுப் போங்க. வர்றப்ப உங்க கல்லுப் பையையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலைப் பேருந்தில் போனேன். சாமி அலமாரியிலிருந்து குங்குமம் வைத்த ஒரு கல்லை எடுத்து வந்து நங்கை மேசையில் வைத்தார். அண்ணன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த எட்டு மாதக் கதையையும் கணக்கு ஒப்பிப்பது போல் சொல்லி முடித்தார். என்னிடம் ஏன் மறைத்தார் என்றும் அவரே சொன்னார். நான் காலேஜில் எழுதிப்போட்டுவிடுவேன், ஆபீசர்கள் வந்துவிடுவார்கள் என்று பயந்தாராம்.

அந்தக் கல்லைக் கையில் எடுத்தபோது ஐயம் எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வெங்கச்சங்கல் பட்டையில் தங்கமும் இருக்கலாம், பைரைட் என்னும் இரும்புக் கந்தகமும் இருக்கலாம்; இரண்டும் ஒரே பட்டையில் சேர்ந்தே கிடைப்பதும் உண்டு. கிடைத்த இடத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிறமோ எல்லாவற்றையும்விட மோசமான சாட்சி. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உருப்பெருக்கியில் சதுர முகங்களின் மேல் நேர்நேராக மெல்லிய கோடுகள் தெரிந்தன. கத்தி முனை கல்லில் வழுக்கியது. தங்கமாக இருந்தால் கீறல் விழுந்திருக்கும், தாமிரம் கலந்த கந்தகக் கல்லானாலும் விழுந்திருக்கும். அதே கல் கண்ணாடித் துண்டைக் கீறியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிய வேண்டியது எனக்கல்ல.

பையிலிருந்து மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓட்டை எடுத்து, அதில் கல்லைத் தேய்க்கும்படி அண்ணனிடம் கொடுத்தேன். தேய்த்தார். பச்சை கலந்த கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவர் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நங்கை தாமாகவே காதிலிருந்து தோட்டைக் கழற்றி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். அது மஞ்சளாகவே விழுந்தது.

பிறகு அண்ணன் சுத்தியலைக் கேட்டார். வாசற்படியில் கல்லை வைத்து ஓங்கி அடித்தார். தங்கம் தட்டையாகும்; இந்தக் கல்லோ நொறுங்கித் தூளானது. தீக்குச்சி உரசியது போல் கந்தக வாடை எழுந்தது. அவர் அந்தத் தூளின் முன் குந்தினார்.

"அப்ப யாரும் நிலத்தை எடுக்க வரமாட்டாங்க?"

"வரமாட்டாங்கண்ணா. இது எல்லாப் பக்கமும் கிடைக்கற கல்லுங்க."

"அப்ப மரமெல்லாம் சும்மாவே போச்சா, அம்மிணி?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அன்று மாலை பேருந்து நிறுத்தம் வரை நங்கை என்னோடு நடந்து வந்தார். பாதி வழியில், அது தங்கமில்லை என்று தனக்கு முன்பே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். நான் நின்றுவிட்டேன்.

"என்ர தோட்டை நான் ஒரு நாளும் புளி போட்டுத் தேய்ச்சதில்லீங்க. அந்தக் கல்லு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மங்கிப் போகும். குத்துவிளக்காட்டம் புளி போட்டுத்தான் வெளுக்கோணும்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கல் கிடைத்த நாளிலிருந்து அண்ணன் நிம்மதியாகத் தூங்கினாராம். மழை வந்துவிடும், மரமும் பிழைத்துவிடும், அதற்குள் அவர் தூக்கத்தை ஏன் கெடுப்பது என்று இருந்துவிட்டாராம். கனிமத்தின் மேற்பரப்பு மங்குவதும் ஓர் அடையாளம் என்று நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவள். யாரும் சொல்லாமலே நங்கை அதைக் கண்டிருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. நோன்பியன்று கிணற்றை எட்டிப் பார்க்காத நான் என்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரமே மீண்டும் வெடி வைத்தார்கள். வெங்கச்சங்கல் பட்டையை உடைத்ததும் அதன் பின்னாலிருந்த வெடிப்பில் தண்ணீர் கசிந்தது; இரண்டு நாளில் ஓர் ஆள் உயரம் நின்றது. கிழக்கே இருந்த இரண்டு வரிசை மரங்கள் தப்பின. மற்றவற்றை வெட்டி ஏற்றிய நாளில் அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அதன் பிறகு என்னைக் கேலி செய்து அவர் பேசியதில்லை. அதற்காக நான் ஏங்கியிருக்கிறேன். காலியான இடத்தில் தென்னம்பிள்ளை நடலாம் என்று பலரும் சொன்னார்கள். இருந்தவரை அவர் நடவில்லை.

அவர் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் மகள் பவானியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். தோட்டத்தில் இப்போது நங்கை மட்டும் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் போய் அவரோடு இருந்துவிட்டு வருகிறேன்.